ஏரி கூறும் சாக்ஷியம்

ஒரு நகரத்தின் ஜலம் கெட்டுப்போயிற்று என்பதை அந்நகரத்தார் எப்பொழுது அறிகிறார்கள்? பெரும்பாலும், கெட்டு முடிந்த பிறகே அறிகிறார்கள். மீன் செத்து மிதந்த பிறகு, கரையில் துர்நாற்றம் எழுந்த பிறகு, ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் சேர்ந்த பிறகு, "இதை முன்னமே யாரும் சொல்லவில்லையே!" என்று கூக்குரல் எழும்புகிறது. சர்க்கார் ஒரு கமிட்டியை நியமிக்கிறது. கமிட்டி ஓர் அறிக்கை எழுதுகிறது. அறிக்கை அலமாரியில் உறங்குகிறது. ஆனால், முன்னமே யாரும் சொல்லவில்லை என்பது பல சந்தர்ப்பங்களில் உண்மையன்று. ஏரியே சொல்லியிருக்கும். அதன் பாஷையைப் படிப்பவர்தாம் இருந்திருக்க மாட்டார்கள்.

ஏரியின் பாஷை என்று நாம் கூறுவது அலங்காரத்துக்காக அன்று. தெளிவாகத் தோன்றும் ஏரி நீரில் ஒரு துளியை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்ப்போமானால், வேரும் தண்டும் இலையும் இல்லாத நுண்ணிய பாசிகள் எண்ணற்றவை மிதந்து கொண்டிருப்பதைக் காணலாம். பெட்டியும் மூடியும் போன்ற மணற்சத்து ஓட்டுக்குள் வாழும் டயாட்டங்கள், நாலைந்து உயிரணுக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் பச்சைப் பாசிகள், சாட்டை போன்ற உறுப்பை வீசி நீந்தும் யூக்ளீனாக்கள், நூலாகவும் திரளாகவும் வளரும் நீலப்பச்சைப் பாசிகள் ஆகிய யாவும் அவற்றுள் அடங்கும். நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் அலைந்து திரியும் இவ்வுயிர்களுக்கு, அலைவது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து, ஜெர்மானிய சாஸ்திரியான விக்டர் ஹென்ஸென் 1887-ஆம் வருஷத்தில் 'பிளாங்க்டன்' என்று பெயரிட்டார். அவற்றுள் சூரிய ஒளியைக் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்ளும் தாவர வகுப்பைப் 'பைட்டோபிளாங்க்டன்' என்பர். நாம் மிதக்கும் பாசி என்றே அழைப்போம்.

இப்பாசிகளைக் கொண்டு ஏரி நீரின் குணத்தை அளக்கலாம் என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம். இது தாவர சாஸ்திரிகளின் தனிச் சொத்து என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. குடிக்கிற தண்ணீரைப் பற்றிய அறிவு யாருடைய கையில் இருக்கிறதோ, அத்தண்ணீரைப் பற்றிய அதிகாரமும் நாளடைவில் அவர்கள் கையிலேயே போய்ச் சேரும். ஆகவே இது பிரஜைகள் யாவரும் அறிய வேண்டிய விஷயமாகும்.

ரஸாயன பரீக்ஷை போதாதா?

நீரைக் குப்பியில் அடைத்து ரஸாயன சாலைக்கு அனுப்பினால் போதாதா என்று சிலர் வினவலாம். ரஸாயன பரீக்ஷை இன்றியமையாதது. அதை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும், காலை எட்டு மணிக்கு நிரப்பிய குப்பி எட்டு மணியின் நிலைமையை மட்டுமே சொல்லும். இரவில் மடையைத் திறந்து கழிவை விட்டுவிட்டு விடியுமுன் மூடிவிடுகிறவனை அந்தக் குப்பி பிடித்துக் கொடாது. மிதக்கும் பாசிகளோ அந்த நீரிலேயே பிறந்து, அதையே உண்டு, அதிலேயே மடிகின்றன. தக்க உணவும் வெளிச்சமும் கிடைத்தால் ஒன்று இரண்டாகப் பிரிவதற்கு அவற்றுக்கு ஒரு நாளோ சில நாட்களோ போதும். எனவே, சென்ற பல தினங்களில் நீருக்கு நேர்ந்ததையெல்லாம் அவை தம் எண்ணிக்கையிலும் இனத்திலும் குறித்து வைத்திருக்கின்றன.

இன்னும் ஒன்று உண்டு. ஏரியில் பாசி பெருகுவதற்கு முக்கிய உணவு பாஸ்பரஸ். கோடையில் பாசி செழித்து நிற்கும் ஏரியின் நீரை எடுத்து, அதில் கரைந்துள்ள பாஸ்பேட்டை மட்டும் அளந்தால் அநேகமாக ஒன்றுமே அகப்படாது. "பாஸ்பேட் இல்லை, ஆகவே நீர் சுத்தம்" என்று எழுதிக் கையெழுத்திடவும் கூடும். உண்மை என்னவெனில், இருந்த பாஸ்பேட்டையெல்லாம் பாசிகள் உட்கொண்டுவிட்டன. அது இப்பொழுது அவற்றின் உடலில் இருக்கிறது. களவுபோன பொருள் தெருவில் கிடக்கவில்லை என்பதைக் கொண்டு களவே நடக்கவில்லை என்று தீர்ப்புக் கூறும் நியாயாதிபதி ஒருவர் இருக்க முடியுமா? பொருளை வைத்திருப்பவனைச் சோதிக்க வேண்டும். பாசியைச் சோதிப்பது அத்தகையது.

ஸியாட்டில் நகரத்தார் கதை

இந்த சாக்ஷியத்தை ஒரு நகரம் தக்க காலத்தில் கேட்டதையும், அதனால் அடைந்த நன்மையையும் இனிக் கூறுவோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கு மூலையில் ஸியாட்டில் என்னும் நகரம் இருக்கிறது. அதன் கிழக்கெல்லையில் சுமார் 35 கிலோமீட்டர் நீளமும், மிக ஆழமான இடத்தில் சுமார் 65 மீட்டர் ஆழமும் கொண்ட வாஷிங்டன் ஏரி கிடக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்தின் சாக்கடைகள் நேரே அவ்வேரியில் விழுந்தன. அது தகாது என்று கண்டு, அவற்றைப் பிற்பாடு வேறு பக்கம் திருப்பினர். ஆனால் ஏரியைச் சுற்றிலும் புதிய புதிய ஊர்கள் எழுந்தன. 1941-ஆம் வருஷம் முதல் அவ்வூர்கள் ஒவ்வொன்றும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சாலை ஒன்றை அமைத்து, சுத்திகரித்த நீரை ஏரியில் விட்டன. நாளடைவில் பத்துக்கு மேற்பட்ட சாலைகள் ஏற்பட்டன.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நீர் பச்சைச் சாக்கடை நீர் அன்று. முறைப்படி சுத்திகரித்த நீரே. பார்வைக்குத் தெளிவாக இருந்தது. அழுகும் பொருள் பெரும்பாலும் நீக்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் ஊராரும், "நாங்கள் சட்டப்படி நடக்கிறோம், எங்கள் மீது குற்றம் என்ன?" என்று கேட்கக்கூடிய நிலைமையே இருந்தது. ஆனால் அழுக்கை நீக்கிய அந்தச் சாலைகள் பாஸ்பரஸை நீக்கவில்லை. அழுக்குப் போய், உரம் மட்டும் ஏரியில் சேர்ந்துகொண்டே வந்தது.

1955-ஆம் வருஷம், வாஷிங்டன் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த டபிள்யூ. டி. எட்மண்ட்ஸனும் அவருடைய மாணவர்களும் ஏரி நீரில் ஒரு பாசியைக் கண்டனர். நூல் போன்ற உடலும் செந்நிறச் சாயலும் உடைய அந்த நீலப்பச்சைப் பாசிக்கு அந்நாளில் ஆஸிலடோரியா ருபெஸென்ஸ் என்று பெயர். இப்பொழுது பிளாங்க்டோத்ரிக்ஸ் ருபெஸென்ஸ் என்பர். அது ஏரி சாஸ்திரம் பயின்றவர்களுக்குப் பழைய பெயர். ஸ்விட்ஸர்லாந்திலுள்ள மூர்ட்டென் ஏரியில் இப்பாசி திரண்டு நீரைச் சிவப்பாக்கிய காலங்களில், 1476-ஆம் வருஷத்து யுத்தத்தில் மாண்ட பர்கண்டி வீரர்களின் இரத்தமே அது என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டனர். அந்நாட்டின் ஜூரிக் ஏரியிலும், கரையோர ஊர்களின் கழிவு மிகுந்த பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதே பாசி தலைகாட்டிற்று. அதன் பின் அவ்வேரியின் தெளிவு குன்றிற்று. ஆழத்தில் பிராணவாயு குறைந்தது. குளிர்ந்த தெளிநீரில் வாழும் உயர்ந்த மீன் ஜாதிகள் க்ஷீணித்தன.

எட்மண்ட்ஸன் இதை அறிந்திருந்தார். ஸியாட்டில் நகரத்தாரோ அப்பொழுது ஏரியில் குளித்துக்கொண்டும் படகோட்டிக்கொண்டும் இருந்தனர். நீரில் வெளிப்படையான கேடு ஒன்றும் அவர்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை. அந்த நிலையில்தான், ஐரோப்பிய ஏரிகள் சென்ற வழியிலேயே இவ்வேரியும் சென்றுகொண்டிருக்கிறது என்று அவரால் சொல்ல முடிந்தது. சாக்ஷியம் என்றால் இதுவன்றோ சாக்ஷியம்! நடந்து முடிந்த குற்றத்தைப் பற்றி அன்று. நடக்கப்போகும் கேட்டைப் பற்றி.

ஜனங்களின் தீர்ப்பு

அச்செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தது. நகரத்திலே ஜேம்ஸ் எல்லிஸ் என்னும் வக்கீல் ஒருவர் இருந்தார். ஏரியைச் சுற்றியிருந்த ஊர்கள் தனித்தனியே தத்தம் சாக்கடையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் வரையில் பரிகாரமில்லை என்பதை அவர் உணர்ந்து, எல்லா ஊர்களும் சேர்ந்த ஒரு பொது ஸ்தாபனம் வேண்டும் என்று பிரசாரம் செய்து வந்தார். எட்மண்ட்ஸன் அவருக்குக் கடிதம் எழுதினார். ஜனங்கள் கேட்கக்கூடிய கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் சாதாரண நடையில் எழுதி உதவினார். எந்தத் திட்டத்துக்கு வோட்டுப் போட வேண்டும் என்று சொல்வது தம் வேலையன்று என்றும், இன்னது செய்தால் இன்னது விளையும் என்று சொல்வதே தம் வேலை என்றும் வரம்பு கட்டிக்கொண்டு நின்றார். விஞ்ஞானிக்கும் பொதுவாழ்வுக்கும் உள்ள சம்பந்தத்துக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

1957-ல் இதற்கு வேண்டிய சட்டம் நிறைவேறிற்று. 1958-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் ஜனங்களின் வோட்டுக் கேட்கப்பட்டது. திட்டம் தோற்றது. நகரத்துக்குள்ளே பெரும்பான்மை கிடைத்தும், வெளியூர்களில் கிடைக்கவில்லை. ஏரி எல்லோருக்கும் பொது. ஆனால் வரி தன் தலையில் விழும் என்ற அச்சம் அவரவர்க்குச் சொந்தம். தோல்வியைக் கண்டு எல்லிஸும் அவர் நண்பர்களும் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. போக்குவரத்து முதலிய மற்ற விஷயங்களையெல்லாம் விலக்கி, கழிவுநீர் ஒன்றையே வைத்துத் திட்டத்தைச் சுருக்கினர். அதே வருஷம் செப்டம்பரில் மறுபடியும் ஜனங்களிடம் சென்றனர். இம்முறை நகரத்தாரும் வெளியூராரும் ஒப்புக்கொண்டனர்.

1963-ல் கழிவுநீரைத் திருப்பும் வேலை பயன் தரத் தொடங்கி, 1968-ல் பூர்த்தியாயிற்று. இடைப்பட்ட காலத்தில் எட்மண்ட்ஸன் கூறியபடியே நடந்தது. நீரினுள் பார்வை செல்லும் தூரம் கோடையில் ஏறக்குறைய ஒரு மீட்டராகக் குன்றிற்று; பாசி கரையொதுங்கி அழுகிற்று; 'நாற்ற ஏரி' என்று ஊர்ப் பத்திரிகைகளே பரிகசித்தன. பிறகு கழிவு நிற்க நிற்க, ஏரி தெளிந்தது. 1970-களின் தொடக்கத்திலேயே அது பழைய தெளிவை அடைந்தது. 1976-ல் ஆஸிலடோரியா மறைந்தது. அந்தப் பாசி நூல்கள் இருக்கும் வரையில் இரையை வடிகட்டி உண்ண இயலாமலிருந்த டாஃப்னியா என்னும் சிறு நீர்ப்பூச்சிகள், அப்பொழுது பெருகி எஞ்சிய பாசியையும் மேய்ந்தன. அதற்குப் பின் ஆறு மீட்டருக்குக் கீழும் பார்வை சென்ற கோடைகளை அந்நகரத்தார் கண்டனர்.

திருப்பிய நீர் எங்கே போயிற்று என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. அது சுத்திகரிக்கப்பட்டு, பலத்த ஓட்டமும் ஆழமும் உடைய கடற்கழியில் விடப்பட்டது. கழிவு மாயமாகிவிடவில்லை, தாங்கக்கூடிய இடத்துக்கு மாற்றப்பட்டது. எல்லா ஏரிகளுக்கும் பக்கத்தில் கடல் இராது. அங்கெல்லாம் பாஸ்பரஸைச் சுத்திகரிப்புச் சாலையிலேயே பிடித்து நிறுத்துவதுதான் வழி.

குற்றவாளி யார்?

இத்துடன் வழக்கு முடியவில்லை. ஏரிகளைக் கெடுப்பது பாஸ்பரஸ்தான் என்றால், பாஸ்பேட்டைக் கலந்து சோப்புத்தூள் விற்கும் முதலாளிகளுக்கு நஷ்டம். ஆகவே, கரியே காரணம், நைட்ரஜனே காரணம் என்று வாதங்கள் கிளம்பின. எட்மண்ட்ஸன் 1970-ல் வெளியிட்ட கணக்கு அவ்வாதங்களுக்குத் தக்க பதிலாயிற்று. கழிவைத் திருப்பிய பின், 1969-ல் ஏரியின் மாரிக்கால பாஸ்பேட் 1963-ல் இருந்ததில் நூற்றுக்கு 28 பங்காகக் குறைந்துவிட்டது. நைட்ரேட்டோ நூற்றுக்கு 80 பங்கு வரை நிலைத்து நின்றது. கரியமில வாயுவுக்கும் குறைவில்லை. பாசி எதைத் தொடர்ந்து சென்றது? பாஸ்பேட்டைத் தொடர்ந்து, ஏறக்குறைய அதே அளவில் குறைந்தது.

1973-ல் கனடா தேசத்தில் டேவிட் ஷிண்ட்லரும் அவர் கூட்டத்தாரும் இதை இன்னும் வெட்ட வெளிச்சமாக்கினர். ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட 226-ஆம் எண் ஏரியை நடுவில் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் கரியும் நைட்ரஜனும் இட்டனர். மறு பாதியில் அவ்விரண்டோடு பாஸ்பரஸும் இட்டனர். பாஸ்பரஸ் இட்ட பாதி பச்சைப் பசேலென்று பாசி பூத்தது. மற்றது தெளிவாகவே இருந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தைக் கண்ட பின், ஒரு பக்கத்து வக்கீல் எவ்வளவு சமர்த்தராயிருந்தாலும் குறுக்கு விசாரணை செய்வதற்கு மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை.

அளக்கும் முறைகள்

இனி, சாக்ஷியத்தைப் பதிவு செய்வது எப்படி என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். எல்லாவற்றிலும் எளியது ஒரு வட்டத் தகடு. 1865-ல் ஆஞ்செலோ ஸெக்கி என்னும் இத்தாலியப் பாதிரியார் வெண்ணிறத் தகட்டைக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். பிற்காலத்தில் ஏரிகளுக்காக அதைக் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கூறிட்டு வர்ணம் பூசினர். கயிறும் தகடும் இருந்தால் பள்ளிக்கூடத்துப் பையனும் இதைச் செய்யலாம். பாசி மிக மிக ஆழம் குறையும்.

இரண்டாவது, குளோரோபில் என்னும் பச்சையத்தை அளப்பது. அறிந்த அளவு நீரை மெல்லிய வடிதாளில் வடித்து, தாளில் தங்கிய பாசியின் பச்சையத்தை அஸிட்டோனில் கரைத்து, அது எவ்வளவு செவ்வொளியை உறிஞ்சுகிறது என்று கருவியால் பார்ப்பார்கள். வருஷ சராசரியில் லிட்டருக்கு இரண்டரை மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் ஏரி மெலிந்த ஏரி; எட்டைத் தாண்டினால் கொழுத்த ஏரி; இருபத்தைந்தைத் தாண்டினால் மிதமிஞ்சிக் கொழுத்த ஏரி என்று பல நாட்டார் கூடிச் செய்த ஆராய்ச்சி 1982-ல் வகுத்தது. மனிதனுக்குக் கொழுப்பு எப்படியோ அப்படியே ஏரிக்கும். ராபர்ட் கார்ல்ஸன் என்பவர் 1977-ல் தகட்டின் ஆழம், பச்சையம், பாஸ்பரஸ் ஆகிய மூன்றையும் பூஜ்யம் முதல் நூறு வரையுள்ள ஒரே அளவுகோலில் பொருத்திக் காட்டினார். அதில் ஒவ்வொரு பத்துப் படி ஏறுவதும், பார்வையின் ஆழம் பாதியாவதைக் குறிக்கும்.

மூன்றாவது முறையே மிகவும் வளமானது. பாசிகளை இனம் இனமாகப் பிரித்து எண்ணுவதாகும் அது. நீரை எடுத்தவுடன் அயோடின் கலந்து பாசியைக் கெடாமல் வைத்து, கிண்ணத்தில் படியவிட்டு, தலைகீழ் மைக்ராஸ்கோப்பினால் கீழிருந்து பார்த்து எண்ணுவார்கள். எவ்வளவு என்பதைப் பச்சையம் சொல்லும். எது என்பதை இம்முறைதான் சொல்லும். வாஷிங்டன் ஏரியில் முதல் எச்சரிக்கை கிடைத்தது பாசியின் அளவினால் அன்று, ஒரு பாசியின் பெயரினால் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க. ஜெர்மனியில் கோல்க்விட்ஸும் மார்ஸனும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, இன்ன உயிர் இன்ன அளவு அழுக்கில் வாழும் என்று அட்டவணை எழுதினர். 1969-ல் அமெரிக்கரான பால்மர், அழுக்கைத் தாங்கும் இருபது பாசிப் பேரினங்களுக்கு மதிப்பெண் கொடுத்தார். யூக்ளீனா, ஆஸிலடோரியா, ஸெனெடெஸ்மஸ் முதலியவற்றுக்கு உயர்ந்த எண்கள். ஒரு மாதிரி நீரில் கண்டவற்றின் எண்களைக் கூட்டி, இருபதோ அதற்கு மேலோ வந்தால், அங்கே அழுகும் கழிவு மிகுதி என்று கொள்ள வேண்டும். ஐரோப்பிய யூனியன் 2000-ஆம் வருஷத்தில் இயற்றிய நீர்ச் சட்டம், ஏரிகளின் நிலைமையை நிர்ணயிப்பதற்கு மிதக்கும் பாசியின் இனம், மிகுதி, திரட்சி ஆகியவற்றைப் பார்த்தே தீர வேண்டும் என்று விதிக்கிறது.

ஆயினும், எந்த சாக்ஷிக்கும் வரம்பு உண்டு. தகடு விரைவில் மறைவது பாசியாலும் இருக்கலாம், மழை கொணர்ந்த சேற்றாலும் இருக்கலாம். ஆகவே தகட்டை மட்டும் நம்புதல் தகாது. குளிர்நாட்டு ஏரிகளில் வசந்தத்தில் டயாட்டங்கள் பெருகுவது இயற்கை. அதைக் கண்டு அபாயம் என்று அலறுவது அறியாமை. காற்று வீசினால் நீலப்பச்சைப் பாசி ஒரு கரையில் குவிந்து மறு கரை தெளிந்திருக்கும். ஒரு நாள், ஓரிடத்தில், ஒரு குப்பி என்பது பரீக்ஷையே ஆகாது. பல இடங்களில், பல ஆழங்களில், வருஷம் முழுவதும், இடைவிடாமல் பல வருஷம் பார்க்க வேண்டும். மேலும், காலராக் கிருமி இருக்கிறதா, ஈயமும் பாதரஸமும் கலந்திருக்கின்றனவா என்பவற்றைப் பாசி சொல்லாது. அவற்றுக்கு வேறு சாக்ஷிகளை அழைக்க வேண்டும்.

பாசியே விஷமாகும்போது

பாசி சாக்ஷியாக மட்டும் நிற்பதில்லை. சில சமயங்களில் அதுவே கொலையாளியும் ஆகிறது. நீலப்பச்சைப் பாசிகளில் சில ஈரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன. 1996-ல் பிரேஸில் நாட்டின் கருவாரு நகரில், சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தைச் சுத்தி செய்ய உபயோகித்த நீரில் இந்நஞ்சு கலந்திருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2014-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையிலுள்ள டொலீடோ நகரில், சுமார் நான்கு லக்ஷம் ஜனங்கள் குழாய் நீரைக் குடிக்கலாகாது என்று உத்தரவு பிறந்தது. காய்ச்சியும் குடிக்கலாகாது, ஏனெனில், காய்ச்சுவதால் இந்நஞ்சு அழிவதில்லை. கடல்போன்ற ஏரியின் கரையில் வாழும் ஜனங்கள் மூன்று தினங்கள் போத்தல் தண்ணீருக்கு வரிசையில் நின்றனர்.

அவ்வேரி முன்பு ஒரு முறை கெட்டு, 1972-ஆம் வருஷத்து உடன்படிக்கையின் பின் தேறிய ஏரி. தேறியது என்று கவனத்தைத் தளர்த்திய காலத்தில், வயல்களிலிருந்து கரைந்து வரும் உரத்தால் மறுபடியும் நோய் கண்டது. ஒரு முறை வெற்றி பெற்றால் போதும், இனி விழிப்பு வேண்டாம் என்பது அரசியலிலும் செல்லாது, ஏரியிலும் செல்லாது. மைக்ரோஸிஸ்டின் என்னும் நஞ்சுக்கு, நாள்தோறும் குடிக்கும் நீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் எல்லை கட்டியிருக்கிறது. எல்லை கட்டுவது எளிது. எல்லை மீறப்படுகிறதா என்று பார்ப்பதற்கு, நீரில் எந்தப் பாசி வளர்கிறது என்று எண்ணுகிறவன் ஒருவன் வேண்டும்.

நம்மிடம் இல்லாதது என்ன?

இவ்வித்தை நமக்குப் புதிதோ, அந்நியமோ அன்று. சென்னை சர்வகலாசாலையில் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் பாசி சாஸ்திரத்துக்கு இந்தியாவிலேயே அடிகோலினார். அவர் மரபில் வந்த டி. வி. தேசிகாச்சாரி 1959-ல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றிய பெருநூலைப் பல தேசத்து ஆராய்ச்சியாளரும் மேஜை மேல் வைத்துக்கொண்டு வேலை செய்தனர். 1940-ஆம் வருஷத்திலேயே எஸ். வி. கணபதி என்பவர், மைக்ரோஸிஸ்டிஸ் பாசி நிரந்தரமாகப் படர்ந்திருந்த ஒரு கோயில் குளத்தை ஆராய்ந்து, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். டொலீடோ நகரத்தின் குழாயை மூடச் செய்த பாசியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஸியாட்டில் ஏரியில் எட்மண்ட்ஸன் எச்சரிக்கை கூறுவதற்குப் பதினைந்து வருஷங்களுக்கு முன்னரே, நமது குளத்தங்கரையில் நம்மவர் ஒருவர் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது நமக்குப் பெருமை தருவது.

பெருமை ஒரு புறம் இருக்கட்டும். பயன் எங்கே? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை அவற்றின் உபயோகத்தைக் கொண்டு ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. அவ்வகுப்புகளுக்குரிய அளவைகளில் பிராணவாயு இருக்கிறது, கோலிஃபார்ம் கிருமி இருக்கிறது, அமிலத்தன்மை இருக்கிறது. மிதக்கும் பாசியும் பச்சையமும் இல்லை. பட்டப்பகலில் பாசி செழித்த ஏரியில் பிராணவாயு மிகுதியாகவே இருக்கும். பாசி வெயிலில் அதை உண்டாக்குகிறதல்லவா? அதே ஏரி விடியற்காலையில் பிராணவாயு வற்றி மீனைக் கொல்லும். பகலில் குப்பி நிரப்பிய உத்தியோகஸ்தர், கணக்கில் நல்ல எண்ணை எழுதிக்கொண்டு வீடு திரும்புவார். அவர் பொய் எழுதவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

ஆகவே நாம் கோருவது அளவுக்கு மிஞ்சியதன்று. குடிநீர் தரும் ஒவ்வோர் ஏரியிலும் பதினைந்து தினங்களுக்கு ஒரு முறையேனும் தகடு இறக்கி, பச்சையம் அளந்து, பாசியை இனம் பிரித்து எண்ண வேண்டும். அவ்வெண்ணிக்கை உத்தியோகஸ்தரின் பெட்டிக்குள் போகாமல், ஜனங்கள் படிக்கும் தமிழில், மாதந்தோறும் வெளிவர வேண்டும். ஏரிக்கு அருகிலுள்ள கலாசாலைகளில் தாவர சாஸ்திரம் பயிலும் மாணவர்களை இவ்வேலையில் ஈடுபடுத்தலாம்; மைக்ராஸ்கோப்புகள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. எண் கெடும்போது, கழிவை விடும் நகரசபையோ, ஆலையோ, எதுவாயினும் ஜனங்களின் முன் பதில் சொல்ல வேண்டும்.

நமது அரசியல் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. ஸியாட்டில் நகரத்தில் முதல் வோட்டெடுப்புத் தோற்றது. சாஸ்திரம் அப்பொழுதும் உண்மையாகத்தான் இருந்தது. ஏரியும் அப்பொழுதும் கெட்டுக்கொண்டுதான் இருந்தது. உண்மை தானாக வெற்றி பெற்றுவிடவில்லை. அதை வீடு வீடாக எடுத்துச் சென்று, ஆறு மாதத்துக்குள் மீண்டும் ஜனங்களின் சம்மதத்தைக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆகவே ஏரி பிழைத்தது. நமது ஏரிகளிலும் இந்தக் கணத்தில் பாசிகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றை எண்ணுவார் உண்டாயின், அவை சொல்லும். கேட்டு நடப்பது நமது கடமை.